ஊரை முடக்குவது யார்? பெருந்தொற்றுக்கு ஓர் அரசு ஆயத்தமாகும் விதம்

2025 மே 20ஆம் திகதி ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை 'பெருந்தொற்று ஒப்பந்தம்' ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு பலரிடமும் ஒரு சந்தேகம். கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால், யாழ்ப்பாணத்தில் கடைகளைப் பூட்டச் சொல்லப்போவது கொழும்பா, ஜெனீவாவா? தடுப்பூசி போடாவிட்டால் உலக சுகாதார நிறுவனம் தண்டிக்குமா?

சுருக்கமான விடை: பூட்டச் சொல்வது கொழும்பு. அதற்கான சட்டம் 1897இல் எழுதப்பட்டது. ஜெனீவாவுக்கு அந்த அதிகாரம் முன்பும் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. ஆனால் இந்த விடையோடு நின்றுவிட்டால் முக்கியமானது தவறிப்போகும். ஊரடங்கு என்பது மற்ற வழிகள் கைநழுவிய பின் ஓர் அரசு எடுக்கும் கடைசிக் கருவி. அதற்கு முந்திய இரண்டு மூன்று கிழமைகளில் என்ன நடந்தது, அதற்கும் முந்திய பல வருடங்களில் என்ன செய்து வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தே ஒரு நாடு தப்புவதும் மாட்டுப்படுவதும். அடியிலிருந்து பார்ப்போம்.

சொற்களில் உள்ள சிக்கல்

1. திடீர்ப் பரவல்: ஓரிடத்தில் வழமையைவிடக் கூடுதலானவர்களுக்கு ஒரே நோய் வருவது. ஒரு மாணவர் விடுதியில் ஒரே கிழமைக்குள் இருபது பேருக்குச் செங்கண்மாரி வந்தால் அது இந்த வகை.

2. கொள்ளைநோய்: அந்தப் பரவல் மாவட்டம், மாகாணம், நாடு என்று விரிவது. மாரி காலத்து டெங்கு பெரும்பாலும் இந்த மட்டத்தில் நிற்கும்.

3. பெருந்தொற்று: பல நாடுகளுக்கும் கண்டங்களுக்கும் ஒரே காலத்தில் பரவுவது. இந்தச் சொல் பரவலின் அகலத்தைக் குறிக்கிறதே தவிர நோயின் கொடூரத்தைக் குறிப்பதில்லை. 2009இல் வந்த எச்1என்1 இன்புளுவென்சாவும் பெருந்தொற்றுத்தான். கொரோனா அளவுக்கு உயிர்களைக் கொண்டுபோகவில்லை.

4. தனிமைப்படுத்தல்: நோய் உறுதியான ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைப்பது ஒன்று. தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில், இன்னும் சுகமாக இருக்கும் ஒருவரைக் குறித்த நாட்களுக்கு ஒதுக்கி வைப்பது வேறொன்று. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டோம். அதனால் 2020இல் 14 நாள் முகாமுக்குப் போய்வந்த சுகதேகியையும் அயலட்டை நோயாளியாகவே பார்த்தது. அந்த 14 நாட்கள், கிருமி உடம்புக்குள் போனபின் அறிகுறி காட்ட எடுக்கக்கூடிய அதிகபட்சக் காலத்தை வைத்துச் சொன்ன கணக்கு. பழைய வெனிஸ் நகரம் கப்பல்களை 40 நாள் மறித்து வைத்தது. கிருமி என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. பட்ட அனுபவம் மட்டும் இருந்தது.

மூன்று நாளில் இரட்டிக்கும் கணக்கு

அரசுகள் ஏன் அவசரப்படுகின்றன, அல்லது ஏன் அவசரப்பட வேண்டும் என்பது ஒரு சின்னப் பெருக்கலில் அடங்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை நோயாளர் தொகை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று ஒருவர். 24ஆம் நாளில் 256 பேர். 30ஆம் நாளில் 1,024 பேர். ஆறே ஆறு நாட்கள் முந்தினால் சுமை நாலில் ஒன்றாகக் குறைகிறது.

இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பாருங்கள். ஒரு நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்கள் பத்துப் பேர் என்றால், 12ஆம் நாளில் இருக்கும் 16 நோயாளர்களுக்கு 160 வீடுகள். நாலைந்து பரிசோதகர்கள் சேர்ந்தால் இரண்டு நாளில் முடிக்கலாம். 30ஆம் நாளில் அது பத்தாயிரத்தைத் தாண்டும். அப்போது தனித்தனி வீடாகத் தேட முடியாது. ஊரையே பூட்டுவதுதான் மிஞ்சும். தேடிப் பிடிக்கும் கட்டத்திலிருந்து பூட்டி வைக்கும் கட்டத்துக்கு ஒரு நாடு தள்ளப்படுவது இப்படித்தான்.

முதல் காய்ச்சலைக் காண்பவர் யார்?

ஆகவே முதற்கேள்வி: முதலாவது நோயாளியை அரசு எத்தனையாம் நாளில் அறிகிறது?

இலங்கையில் இதற்கென ஒரு பழைய ஒழுங்கு உண்டு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று நாடு முழுவதும் இருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் மூலம் அதுதான். அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ள ஒன்றை வைத்தியர் சந்தேகித்தால், ஆய்வுகூட முடிவு வரும்வரை காத்திருக்காமல் 'எச் 544' என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். நோயாளியின் முகவரிக்குரிய பணிமனைக்கு அது போகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார். அங்கிருந்து கிழமைக்கொரு அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய்ச் சேரும். வெளியாருக்குச் சலிப்பூட்டும் காகித வேலை. ஒரு நாட்டின் பெருந்தொற்றுக் காவலில் முக்கால்வாசி இதுதான் என்பேன்.

ஓட்டை எங்கே என்றால், அந்தப் படிவம் வைத்தியரின் மேசையில்தான் தொடங்குகிறது. காய்ச்சல் வந்தால் முதல் இரண்டு நாள் கொத்தமல்லித் தண்ணீரும் பனடோலும், மூன்றாம் நாள் மருந்துக்கடை, அதற்குப் பிறகு தனியார் கிளினிக் என்று போகிறவர்களின் நோய் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு இது புத்தகக் கணக்கில்லை. 2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த வெள்ளம் வடிந்த கையோடு, டிசம்பரில் குடாநாட்டில் ஒரு காய்ச்சல் பரவியது. சுவாசச் சிக்கலோடு பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். 'மர்மக் காய்ச்சல்' என்ற தலைப்பு ஓடியது. மாதிரிகள் ஆய்வுக்குப் போயின. எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. வெள்ளநீரில் கலந்த எலியின் சிறுநீர் வழியாக, காலில் உள்ள சிறு காயத்தினூடாக உடம்புக்குள் போகும் கிருமி அது. உடனே வயலில் இறங்குவோருக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். ஆளிலிருந்து ஆளுக்குத் தாவும் நோயில்லை என்பதால் பெருந்தொற்றாகும் பயம் இருக்கவில்லை. ஆனால் எது மர்மம், எது எலிக்காய்ச்சல் என்று பிரித்துச் சொல்ல எடுத்த அந்த நாட்கள்தாம் ஒரு புதிய வைரசுக்குப் போதுமான நாட்களும்.

இந்த இடைவெளியை அளக்க இப்போது உலகளவில் '7-1-7' என்றொரு அளவுகோல் பயன்படுகிறது: பரவல் தொடங்கி 7 நாளுக்குள் கண்டுபிடி, 1 நாளுக்குள் மேலிடத்துக்கு அறிவி, அடுத்த 7 நாளுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடி.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

1896இல் பம்பாயில் பிளேக் வெடித்தது. அடுத்த வருடம் பிரித்தானிய ஆட்சியாளர் இந்தியாவில் தொற்றுநோய்கள் சட்டத்தையும், இலங்கையில் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். பிளேக் கொழும்புக்கு வந்தது 1914இல். நோயைச் சட்டம் 17 வருடம் முந்திக்கொண்டது. இந்த நாட்டில் அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை.

அந்தச் சட்டத்தின் கண் முதலில் விழுந்தது கப்பலிலும், தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களிலும். இராமேசுவரத்துக்கு அப்பால், இந்தியக் கரையிலுள்ள மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. தனுஷ்கோடி–தலைமன்னார் வழியாக வரும் கூலியாட்களை அங்கே நாட்கணக்கில் மறித்து, அம்மையும் வாந்திபேதியும் இல்லையென்று கண்டபின் ஏற்றி அனுப்பினார்கள். அதே மண்டபம் முகாமில்தான் பல பத்தாண்டுகளின் பின் வடக்கிலிருந்து படகேறியவர்கள் அகதிகளாகப் பதிந்தார்கள். நோயை மறிக்கக் கட்டிய சுவர் எப்போதும் சில மனிதர்களையும் சேர்த்தே மறிக்கும்.

2020 மார்ச் 20 மாலை நாடளாவிய ஊரடங்கு வந்தது. யாழ்ப்பாணம், கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி, புத்தளம் ஆகிய ஆறு மாவட்டங்கள் அதி அபாய வலயங்களாயின. பல்லாயிரக்கணக்கானோர் கைதானார்கள். அந்த ஊரடங்கின் சட்ட அடிப்படை என்ன, வர்த்தமானி எங்கே என்று சட்டத்தரணிகள் அப்போதே கேட்டார்கள். 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தெளிவான ஒழுங்குவிதிகள் முகக்கவசம், இடைவெளி, கூட்டம் என்று விரித்து எழுதப்பட்டு 2020 ஒக்டோபரில்தான் வர்த்தமானியில் வந்தன. மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை.

இன்னொரு சட்டமும் கையில் இருந்தது. சுனாமிக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், அனர்த்தங்களின் பட்டியலில் கொள்ளைநோயையும் சேர்த்திருக்கிறது. ஆனால் பொறுப்பு அந்த வழியே போகவில்லை. இராணுவத் தளபதியின் தலைமையில் அமைத்த தேசிய செயற்பாட்டு மையத்திடம் போனது. ஆட்பலம், வாகனம், கட்டடம் எல்லாம் படையிடம் இருந்ததால் வேலை வேகமாக நடந்ததென்று வாதிடலாம். வடக்கில் அதற்கு வேறொரு விலை உண்டு. கதவைத் தட்டுபவர் குடும்பநல உத்தியோகத்தர் என்றால் வீட்டுக்காரர் போனகிழமை யார் வந்துபோனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார். சீருடைக்காரர் தட்டினால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும்.

பரவத் தொடங்கியபின் கையிலெடுக்கும் கருவிகள்

1. எல்லையை மறித்தல். இது நோயைத் தடுக்காது, நாட்களை வாங்கித் தரும். 2020 ஜனவரி 27இல் சீனப் பயணி ஒருவர் இலங்கையின் முதலாவது நோயாளியாகப் பதிவானார். உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது மார்ச் இரண்டாம் கிழமையில். இடையில் கிடைத்தது ஆறு கிழமை.

2. தொடர்புகளைத் தேடல். 2020 மார்ச் 15 ஞாயிறு அரியாலையில் ஒரு வழிபாடு நடந்தது. அதை நடத்த சுவிசிலிருந்து வந்த போதகருக்குத் தொற்று இருந்தது, அவர் திரும்பிப் போனபின் தெரியவந்தது. கலந்துகொண்டவர்களைத் தேடி ஒதுக்கி வைத்தார்கள்; அறிகுறி எதுவுமில்லாத பலருக்குப் பீசீஆர் பரிசோதனை தொற்றை உறுதிசெய்தது. அறிகுறியைப் பார்த்துத்தான் பரிசோதிப்பது என்று இருந்திருந்தால் அவர்கள் அகப்பட்டிருக்க மாட்டார்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் பீசீஆர் வசதி வந்தபின் மாதிரிகள் கொழும்புக்கோ அநுராதபுரத்துக்கோ பயணம் போகத் தேவையில்லாமல் போனது. ஒரு நாள் மிச்சம் என்றால் மேலே சொன்ன பெருக்கலில் என்ன மிச்சம் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். அந்த டிசம்பரில் மருதனார்மடம் சந்தையில் கொத்தணி, அதாவது ஓரிடத்தோடு தொடர்புபட்ட நோயாளர் கூட்டம், வெளிப்பட்டதும் எழுமாற்றாகப் பரிசோதித்ததால்தான்.

3. நடமாட்டத்தை நிறுத்தல். இதன் வெற்றியைத் தீர்மானிப்பது பொலிஸ் தடை இல்லை, வீட்டு அடுப்பு. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இருக்கலாம். மேசன் வேலைக்குப் போகிறவரும், குருநகரில் படகு இறக்குபவரும், வலிகாமத்துத் தோட்டத்தில் மரக்கறி முற்றிப்போக விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவரும் எத்தனை நாள் இருப்பது? அரசு 2020 ஏப்ரல், மே மாதங்களில் குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தது. ஒன்றுமில்லாததற்கு ஒன்று. ஆனால் யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியலை நோய் வந்தபின் எழுதத் தொடங்கினால் கிராம அலுவலர் கந்தோர் வாசலில் சனம் கூடும். ஊரடங்கு தவிர்க்கப் பார்த்த கூட்டம் அதுதான். பட்டியலை முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருப்பதும் பெருந்தொற்று ஆயத்தமே. சுகாதார அமைச்சின் திட்டத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. அது வேறு அமைச்சின் வேலையாக இருக்கும்.

4. கட்டிலும் ஒட்சிசனும். பரவலைத் தாமதப்படுத்துவதன் நோக்கமே, ஒரே நாளில் வைத்தியசாலைக்கு வருவோர் தொகை கட்டில் தொகையைத் தாண்டாமல் பார்ப்பது. 2021 ஓகஸ்ட்டில் டெல்டா அலையின் உச்சத்தில் நாட்டில் திரவ ஒட்சிசன் போதாமல் போக, இந்தியக் கடற்படையின் 'சக்தி' கப்பல் 100 தொன் கொண்டுவந்து கொழும்பில் இறக்கியது.

5. தடுப்பூசி. இதைப் பற்றிக் கீழே, ஜெனீவாவோடு சேர்த்து.

ஏட்டில் முதலிடம்

2019 ஒக்டோபரில், கொரோனாவுக்குச் சரியாகச் சில கிழமைகள் முன்பு, உலகச் சுகாதாரப் பாதுகாப்புச் சுட்டெண் வெளிவந்தது. பெருந்தொற்றுக்கு ஆயத்தமான நாடுகளில் அமெரிக்காவுக்கு முதலிடம், பிரித்தானியாவுக்கு இரண்டாமிடம். பிறகு நடந்தது தெரியும்: அமெரிக்காவில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆய்வுகூடம், பணம், நிபுணர்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டார்கள். அரசு சொல்வதைச் சனம் நம்புமா என்பதை அந்தப் புள்ளிகளால் பிடிக்க முடியவில்லை.

இலங்கை தன் கையால் நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்ட இடம் தகனக் கட்டாயம். கொரோனாவில் இறந்தோரைப் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. ஏப்ரலில் இங்கே தகனம் மட்டும் என்று வர்த்தமானி வந்தது. முஸ்லிம் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் தங்கள் வழக்கப்படி அடக்கம் செய்ய முடியாமல் நின்றன. 2021 பெப்ரவரி கடைசியில் அந்த விதி மாறியது. அடக்கத்துக்கு முதலில் குறித்த இடம் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. கடற்படை பிடித்து வைத்திருந்த சொந்தத் தீவுக்கு 2018இல்தான் திரும்பியிருந்த மீனவச் சனம் எதிர்ப்புக் காட்டியது. பின்னர் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி தெரிவானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

இதை மத உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது வழக்கம். தொற்றுநோய்க் கண்ணாலும் பார்க்கலாம். தகப்பனின் உடலை என்ன செய்வார்கள் என்று பயப்படும் குடும்பம், அவருக்கு மூச்சு வாங்கும்போது வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்கும். அந்தத் தயக்கத்தின் ஒவ்வொரு நாளும் தொற்றுக்குக் கிடைத்த நாள்.

ஜெனீவாவில் உண்மையில் எழுதியது என்ன?

இரண்டு ஆவணங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

1. சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள். 2005இல் திருத்தி எழுதப்பட்டு 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தவை; 196 தரப்புகளைக் கட்டுப்படுத்துபவை. ஆபத்தான பரவல் என்று மதிப்பிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அதன் தலைவர் 'சர்வதேசப் பொதுச் சுகாதார அவசரநிலை' அறிவிக்கலாம். கொரோனாவுக்கு அது 2020 ஜனவரி 30இல் அறிவிக்கப்பட்டு 2023 மே 5 வரை இருந்தது. அறிவித்தபின் நாடுகளுக்கு அவர் கொடுப்பது பரிந்துரை; கேட்பதும் விடுவதும் அந்தந்த அரசின் பாடு. 2024 ஜூனில் ஏற்ற திருத்தம் இதற்கு மேல் 'பெருந்தொற்று அவசரநிலை' என்றொரு படியைச் சேர்த்தது.

2. பெருந்தொற்று ஒப்பந்தம். 2025 மேயில் குழு வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு எதுவுமில்லை, 11 நாடுகள் வாக்களிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அந்த ஜனவரியிலேயே அறிவித்த அமெரிக்கா இதில் சேரவில்லை. ஊரடங்கு போடவோ, பயணிகளை மறிக்கவோ, தடுப்பூசியைக் கட்டாயமாக்கவோ, ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றவோ உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகாரமில்லை என்று ஒப்பந்தமே வெளிப்படையாகச் சொல்கிறது. 60 நாடுகள் உறுதிப்படுத்தினால்தான் நடைமுறைக்கு வரும்.

ஒப்பந்தத்தின் உயிர்நாடி வேறிடத்தில். ஒரு நாடு தன்னிடம் தோன்றிய புதுக்கிருமியின் மாதிரியையும் மரபணு விபரத்தையும் விரைந்து பகிர்கிறது. அதைக்கொண்டு ஊசியும் மருந்தும் செய்யும் கம்பனிகள், இந்த ஏற்பாட்டில் சேர்ந்தால், பெருந்தொற்றுக் காலத்தில் உற்பத்தியில் 20 வீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும். அதில் குறைந்தது பாதி, அதாவது மொத்த உற்பத்தியில் 10 வீதம், இலவசம். மிச்சம் கட்டுப்படியான விலையில். இந்தக் கொடுக்கல் வாங்கலின் நுணுக்கங்கள் தனி இணைப்பாக எழுதப்பட வேண்டியவை. அது ஏற்கப்படும்வரை ஒப்பந்தம் கையெழுத்துக்குத் திறக்காது.

எங்களுக்கு இது ஏன் முக்கியம்? 2021 ஜனவரி கடைசியில் இந்தியா அன்பளித்த 5 இலட்சம் கொவிஷீல்டோடு இலங்கையில் தடுப்பூசி தொடங்கியது. வசந்தத்தில் இந்தியாவில் அலை எழ, அங்கிருந்து ஏற்றுமதி நின்றது. முதல் ஊசி போட்ட ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இரண்டாவதுக்குக் காத்திருந்தார்கள். யப்பான் அனுப்பிய ஊசிகள் வந்துதான் அவர்களுடைய காத்திருப்பு முடிந்தது. யாழ்ப்பாணத்தில் பரவலாகப் போட்டது சீனாவின் சினோபார்ம்; சாதாரணக் குளிர்பதனப் பெட்டியின் 2 முதல் 8 பாகை வெப்பநிலை அதற்குப் போதும். அன்பளிப்பையும் அயல்நாட்டு அரசியலையும் நம்பியே சிறிய நாடுகளின் முறை வந்தது. ஒப்பந்தத்தின் 20 வீதம் அந்த வரிசையில் ஓர் உரிமையான இடத்தைத் தருமா என்பதுதான் கேட்கத் தகுந்த கேள்வி.

கிணற்றுக்குள் விட்ட மீன்

கடைசியாக, ஆயத்தம் என்பதன் மிகக் கடினமான பகுதி: ஒன்றும் நடக்காத வருடங்களில் அதைத் தொடர்வது.

1934–35இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. பின்னர் டீடீடீ என்ற பூச்சிகொல்லி தெளித்து, இரத்தம் பரிசோதித்து, 1963இல் நாடு முழுவதும் வெறும் 17 நோயாளர் என்ற நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நோய் போய்விட்டது என்று தெளிப்பை நிறுத்தினார்கள். 1968–69இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு மலேரியா. மீண்டும் தொடக்கத்திலிருந்து வேலை. நடுவில் போரும் இடப்பெயர்வும். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழ் கிடைத்தது.

அதே வருட டிசம்பரில் மன்னார்த் தீவில் இலங்கைக்குப் புதியதான ஒரு நுளம்பைக் கண்டார்கள்: அனோபிலிஸ் ஸ்டீபன்சி, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இனம். அது பிறகு யாழ்ப்பாணத்திலும் அகப்பட்டது. காட்டோடையைத் தேடிப் போகும் பழைய மலேரியா நுளம்பைப் போலன்றி இது வீட்டுக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். வீட்டுக்கொரு கிணறுள்ள குடாநாட்டில் இதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது. நுளம்பு இருக்கிறது, கிருமி இல்லை. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு வரும் ஒருவர் போதும் சங்கிலி பூர்த்தியாக. அதனால் மலேரியா தடை இயக்கத்தினர் கிணறு கிணறாகக் குடம்பிகளைத் தேடுகிறார்கள், அவற்றைத் தின்னும் சின்ன மீன்களை விடுகிறார்கள். "இல்லாத நோய்க்கு எதற்கு மீன்?" என்று கேட்டு அள்ளி வெளியே விடுகிற வீடுகளுக்கு அடுத்த முறையும் போகிறார்கள்.

காய்ச்சலோடு போகும்போது, கடைசியாக எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்று வைத்தியர் கேட்டால் முழுதாகச் சொல்லுங்கள். இந்தியாவென்றோ ஆபிரிக்காவென்றோ பதில் வந்தால் அவர் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பார்ப்பார். சந்தேகம் உறுதியானால் எச் 544 ஒன்று எழுதப்படும்.